வீட்டுக்கு ஒரு பேர்

எங்கள் தோட்டத்துக் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணைக்கு ஏறும் படி ஒரே கருங்கல். அதன் இடது ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. அப்பா தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டித் தீட்டி விழுந்த பள்ளம். இலங்கை மலையகத்தின் வட்டவளை மழைக்கு அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும். காக்கை வந்து குடித்துவிட்டுப் போகும். அப்பா 2004-இல் போனார், அம்மா 2009-இல். 2022 ஆவணியில் கொழும்பிலிருந்து வந்த என் நாலு பெட்டிகளையும் தையல் மெஷினையும் லொறிக்காரப் பையன் இறக்கி வைக்கும் வரை நான் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு 61 வயது. 36 வருடம் ஆசிரியை வேலை பார்த்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவள். கடைசிக் காலத்தை எங்கே கழிப்பது என்று யோசித்து, நாலு இடம் விசாரித்து, முடிவு செய்துதான் வந்தேன். எங்கள் வம்சத்தில் அப்படித் தேர்ந்தெடுத்து வந்த முதல் ஆள் நான்.

மகன் டொரொன்டோவில் இருக்கிறான். கோயம்புத்தூரில் வயதானவர்களுக்கென்றே கட்டியிருக்கும் குடியிருப்புகளின் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தான். கைப்பிடி வைத்த குளியலறை, கூப்பிட்டால் ஓடிவரும் நர்ஸ், பொதுச் சமையற்கட்டு, வாசலிலேயே பிள்ளையார் கோவில். குறை சொல்ல ஒன்றுமில்லை. வத்தளையிலும் ஒரு முதியோர் இல்லம் பார்த்தேன். ஆனால் நாடே தட்டுப்பாட்டில் கிடந்த அந்த 2022-இல் காஸ் சிலிண்டருக்காக விடியற்காலை மூன்று மணிக்கு வரிசையில் நின்ற நாட்களில் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது கவ்வாத்தில் விழுந்த மிலாறு விறகு எரியும் எங்கள் அடுப்புதான். தொலைபேசியில் சொன்னதும் மகன் கேட்டான்: “லயத்துக்கா போறீங்க? அங்கேயிருந்து வெளிய வரத்தானேம்மா நீங்க படிச்சீங்க?”

நியாயமான கேள்வி. ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. தேயிலைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் வயதாவது என்றால் என்ன என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் அவனுக்கும் விளங்கும்.

கோப்பிக் காலத்தில் லயத்தில் யாருக்கும் வயதாகவில்லை. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே செத்தார்கள். பிழைத்து வந்தவர்கள் பழம் பறித்து முடித்து, முடிந்தால் ஊருக்குத் திரும்பினார்கள். 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். 1869-இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அதன் பிறகு மலை முழுவதும் தேயிலையானது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருடம் முழுவதும் கொழுந்து வரும், வருடம் முழுவதும் ஆள் வேண்டும். அதனால் ஆட்களைக் குடும்பத்தோடு நிறுத்தி வைக்க நீளநீளமாக லயம் கட்டினார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, மேலே தகரம். ஒரு வரிசை என்றால் ஒத்தை லயம். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை என்றால் இரட்டை லயம். வேலை செய்யும் உடம்பு இரவில் படுக்க அளந்து கட்டிய இடம் அது. அந்த உடம்பு ஓய்ந்த பிறகு எங்கே இருக்கும் என்ற கேள்வி அந்த அளவுக்குள் இல்லை. ஓய்ந்தவர் ஊருக்குப் போய்விடுவார் என்பது கணக்கு.

என் தாத்தா 1926-இல் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். மண்டபம் முகாமில் அடைத்து வைத்து உடம்பு சோதித்து, தலைமன்னாருக்குக் கப்பலேற்றி, அங்கிருந்து கோச்சியில் அனுப்பினார்கள். நாவலப்பிட்டி வரை 1874-இலும் நானுஓயா வரை 1885-இலும் வந்துவிட்ட பாதை அது. கலபொடையைத் தாண்டி வட்டவளை டேசனில் இறங்கியபோது அடைமழை. மேலே போர்த்திக்கொள்ள, ஆள் கட்டி வந்த கங்காணி ஒரு சாக்கைக் கொடுத்தாராம். அந்தச் சாக்கும் கடன் கணக்கில் ஏறியது என்று தாத்தா சொல்வார் என அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். துண்டு முறையை 1921-லேயே சட்டம் எடுத்துவிட்டிருந்தது. கடனை அடைத்ததாகத் துண்டு இல்லாமல் வேறு தோட்டம் சேர்க்காது என்ற அந்தக் கட்டு அறுந்திருந்தாலும், கங்காணியின் கடன் கணக்கு அறுந்துவிடவில்லை.

தாத்தாவுக்கு ஊர் நினைப்பு விடவேயில்லை. இன்னும் ரெண்டு தீபாவளி, அப்புறம் போயிடுவோம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். 1939-இல் இந்திய அரசு கூலி ஆட்கள் கடல் கடந்து போவதைத் தடை செய்தது. போய்ப் போய் வந்துகொண்டிருந்த பாதை ஒரே நாளில் ஒரு வழிப் பாதையானது. போனால் திரும்பி வேலைக்கு வர முடியாது. 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தாத்தாவிடம் எந்தக் கடதாசியும் இல்லை. ஊரிலும் நிலமில்லை, இங்கும் நாடில்லை. 1958-இல் இந்தக் காம்பராவில்தான் இறந்தார். எங்கள் வீட்டில் லயத்துக்குள்ளேயே கிழவனாகிச் செத்த முதல் ஆள் அவர்தான். அந்தத் தலைமுறையில் ஒவ்வொரு லயத்திலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். முதுமைக்கென்று கட்டாத இடத்தில் முதுமை வந்து குடியேறியது அப்படித்தான்.

அப்போதுதான் ‘பேர்’ என்ற சொல்லின் முழுப் பாரமும் எங்கள் மேல் இறங்கியது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் பதிந்த ஆளுக்குப் பேர் இருக்கிறது என்பார்கள். வேலை நின்றால் பேர் வெட்டியாச்சு. காம்பரா ஆளுக்குக் கொடுத்ததல்ல, பேருக்குக் கொடுத்தது. குடும்பத்தில் ஒருவருக்காவது பேர் இருக்கும் வரை கிழவன் கிழவி கூட இருக்கலாம். எழுதிய ஒப்பந்தமாக நான் இதைப் பார்த்ததில்லை. ஆனால் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆகவே ஒரு தாயும் தகப்பனும் தங்கள் வீட்டிலேயே சாக வேண்டுமென்றால் ஒரு பிள்ளையை மலைக்கு அனுப்பியே தீர வேண்டும். பிள்ளைகள் ஏன் படிக்காமல் நின்றார்கள் என்று மலையகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பல காரணம் சொல்கிறார்கள். இந்தக் காரணத்தை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

அப்பாவோடு பிறந்த அத்தையின் கதையையும் சொல்ல வேண்டும். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். நாடில்லாத 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு; மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்பா இங்கே எழுதிக் கொடுத்தார், அத்தை அங்கே எழுதிக் கொடுத்தார். ஒரே அடுப்பில் கஞ்சி குடித்த இரண்டு பேர். 1973-இல் அத்தை குடும்பம் வட்டவளை டேசனில் கோச்சி ஏறியது. தலைமன்னாருக்கு ஆள் கொண்டுபோகும் அந்த வண்டிக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். எனக்குப் பன்னிரண்டு வயது. மேடை முழுக்கத் தகரப் பெட்டிகள். வண்டியின் ஜன்னல் கம்பிகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைகள். அம்மியைத் தூக்கிப் போக முடியாது, விட்டுப் போகவும் மனமில்லை என்று அத்தை குழவியை மட்டும் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்த அம்மி இன்னும் எங்கள் குசினியில் இருக்கிறது. அப்பா பிறகு வாங்கி வந்த குழவி அதன் குழிக்குச் சரியாகப் பொருந்தவே இல்லை. இரண்டு ஓரத்திலும் மிளகாய் அரைபடாமல் ஒதுங்கிவிடும். தேங்காய்ச் சம்பல் அரைக்கும்போதெல்லாம் விரலால் வழித்து நடுவில் தள்ள வேண்டியிருக்கிறது.

தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலை நட்டுக்கொண்டிருந்தது. அத்தைக்கு அதில் இடம் கிடைக்கவில்லை; கொத்தகிரிப் பக்கம் தனியார் தோட்டம் ஒன்றில் சேர்ந்தார். அங்கும் லைன் வீடு, அங்கும் பேர். வயதாகி வேலை நின்றபோது வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று 1994-இல் கடிதம் வந்தது. மகன் கடன் வாங்கி மூன்று சென்ட் நிலம் வாங்கினான். அதில் போட்ட ஓட்டு வீட்டில்தான் அத்தை கண்ணை மூடினார்.

அத்தை கோச்சி ஏறிய மறு வருடம் இங்கே பஞ்சம். 1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. இரண்டுக்கும் நடுவில் மாவும் அரிசியும் காணாமல் போயின, வேலை நாளும் குறைந்தது. 1974-இல் லயங்களில் முதலில் விழுந்தவர்கள் கிழவர்களும் கைக்குழந்தைகளும். என் அப்பாயி அந்த வருடம் போனார். தன் பங்கு ரொட்டியை எனக்கும் தங்கச்சிக்கும் பிட்டுப் போட்டுவிட்டு வெறும் சாயத்தண்ணி குடித்தவர். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் ஹட்டனில் படித்தேன். 1984-இல் ஆசிரியர் நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. லயத்துக்குத் தனி முகவரி கிடையாது; எல்லார் கடிதமும் தோட்ட ஒபிஸுக்கு வரும், அங்கிருந்து யாராவது மனம் வைத்தால் கைக்கு வரும். ஜூன் 12-இல் தேர்வு. கடிதம் எனக்குக் கிடைத்தது ஜூன் 23-இல். உறையின் மேல் யாரோ தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம். அப்பா அந்த உறையை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு ஒன்றும் பேசாமல் படியில் உட்கார்ந்து கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார். அன்று கவ்வாத்து வேலை கிடையாது. மறு வருடம் திரும்ப விண்ணப்பித்து வேலைக்குப் போனேன். அந்த முறை ஹட்டனில் என் சிநேகிதி வீட்டு முகவரியைக் கொடுத்தேன்.

நான் போய்விட்டேன். அம்மா 1991-இலும் அப்பா 1992-இலும் வேலை நின்றார்கள். அம்மா முப்பத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பதே 1984-இல்தான் வந்தது. அதுவரை அதே மலையில் அதே மழையில் நின்றும் அம்மா கையில் குறைச்சலாகத்தான் விழுந்தது. 1983-இல் வந்த பணிக்கொடைச் சட்டப்படி நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். சேமலாப நிதியும் அதுவும் சேர்ந்து வந்த காசில் தங்கச்சிக்கு ஒரு சங்கிலி, கோவிலுக்கு ஒரு மணி, எங்கள் கடன். பென்ஷன் கிடையாது. அவர்களுக்கு இருந்ததெல்லாம் காம்பரா. அதற்கும் இனிப் பேர் வேண்டும். 1992 என்பது அரசாங்கம் தோட்டங்களின் நிர்வாகத்தைத் திரும்பக் கம்பெனிகளிடம் கொடுத்த வருடம். புதிய நிர்வாகம் என்ன செய்யுமோ என்று லயமெல்லாம் ஒரே பேச்சு.

தங்கச்சி அப்போது ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் திரும்பிப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அம்மாவின் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு, படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. பள்ளிக்கூட விடுதியிலிருந்த எனக்கு அம்மா எழுதினார்: தங்கச்சி பேர் பதிஞ்சாச்சு, வீட்டுக்குக் கவலையில்லை. அந்தக் கடிதத்தைப் படித்து நான் நிம்மதிப்பட்டேன். அந்த நிம்மதியைத்தான் இன்றைக்கும் என்னால் செரிக்க முடியவில்லை. என் தாய் தகப்பன் தங்கள் வீட்டில், தெரிந்த முகங்களுக்கு நடுவில், கோவில் மணி கேட்கும் தூரத்தில் வயதாகி இறந்தார்கள் என்றால் அது அவள் கொடுத்த பேர்.

அமெரிக்காவில் அரிசோனாவில் சன் சிட்டி என்ற ஊரை 1960 ஜனவரி முதல் தேதி திறந்தார்கள். மகன் படம் அனுப்பினானே, அப்படி முதியவர்களுக்கென்றே ஊர் கட்டும் வழக்கத்துக்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு அது. குடும்பத்தில் ஒருவருக்காவது 55 வயது ஆகியிருந்தால்தான் குடியேற முடியும். வயதானதால் உள்ளே சேர்க்கும் ஊர் அது. எங்கள் லயத்துக்கும் இப்போது அந்தச் சாயல் வந்திருக்கிறது, யாரும் திட்டம் போடாமலேயே. பகல் பதினொரு மணிக்கு எங்கள் மேட்டு லயத்தில் நடந்து பார்த்தால் இஸ்தோப்புக்கு இஸ்தோப்பு கிழவிகள், மடியில் பேரப்பிள்ளைகள். நடுவயசுக்காரர் மலையில். இளசுகள் கொழும்பில் கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும், இல்லாவிட்டால் வளைகுடாவில். ஒருத்தி வெற்றிலை இடிக்கும் சத்தம் கேட்டாலே நாலு பேர் கூடிவிடுவார்கள். யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பணம் வந்தது, யார் மகள் யாரோடு போனாள் எல்லாம் ஒரு சுவர் தள்ளித்தான். கோயம்புத்தூர்க் குடியிருப்பில் பட்டனை அமுக்கினால் நர்ஸ் வருவாள். இங்கே சுவரில் ரெண்டு தட்டுத் தட்டினால் பக்கத்துக் காம்பரா எழுந்து வரும். போன வருடம் எனக்கு நெஞ்சுவலி வந்த இரவில் அப்படித்தான் எழுந்து வந்தார்கள். ஆறு பையன்கள் கம்பளியில் தூக்கிக்கொண்டு வழுக்கும் படியில் ரோட்டுக்கு ஓடினார்கள்.

இதை வைத்து லயத்தைப் புகழ்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லயம் இடிக்கப்பட வேண்டியது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பதும், 2017 மேயில் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து அறிவித்த 10,000 வீடுகளும் சரியான வழிதான். வேகம்தான் போதாது, கையில் உறுதிப்பத்திரமும் வேண்டும். ஒரு காம்பராவில் பிடித்த தீ பத்துக் காம்பராவைத் தின்னும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களோடு ஆட்களையும் மூடியதை நினைத்தால், நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான இந்த வட்டவளையில் ஆனி ஆடி இரவுகளில் தூக்கம் வராது. தகரத்தில் மழை அடிக்கும் சத்தத்துக்குள் வேறு ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்போம்.

வந்த முதல் வாரமே எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சேமலாப நிதி எடுக்கும் கே படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி வருவார்கள். பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, செக்ரோலில் மூன்றாவது எழுத்து. நாற்பது வருடம் உழைத்த ஒருத்தி, தான் தானேதான் என்று சத்தியக் கடதாசி முடிக்க ஹட்டனுக்கு மூன்று தடவை பஸ் ஏற வேண்டும். பாதி நாள் நானும் கூடவே போகிறேன். பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது தங்கச்சி. எனக்கு அது வராது.

தங்கச்சி 2023-இல் வேலை நின்றாள். அவள் கணவர் முன்பே போய்விட்டார், மகன் வெள்ளவத்தையில் ஹோட்டலில் நிற்கிறான். இப்போது வீட்டுப் பேர் மருமகளுடையது. 27 வயது, உயர்தரம் பாஸ் பண்ணியவள், நாலு வயதுப் பிள்ளை. விடியக் கூடையை மாட்டிக்கொண்டு அவள் இறங்கும்போது நான் இந்தப் படியில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருப்பேன். தேர்ந்தெடுத்து வந்தேன் என்று மேலே எழுதினேனே, அந்தத் தேர்வு நிற்பது இந்தப் பிள்ளையின் முதுகில்.

போன வாரம் அவள் ஒரு படிவம் கொண்டுவந்தாள். வர்த்தமானியில் வந்த அரசாங்க உத்தியோகம், போட்டிப் பரீட்சை. மாமியாரிடம் சொல்லப் பயந்து முதலில் என்னிடம் வந்தாள். குசினியில் அம்மி முன்னால் உட்கார்ந்திருந்த தங்கச்சிக்கு எல்லாம் கேட்டுவிட்டது. கையை நிறுத்தாமலே சொன்னாள்: “எழுதிக் குடுக்கா. அவ போகட்டும். வீடு போனா போவுது, இந்தக் காம்பராவுக்கு நா குடுத்த பேரு போதும்.”

விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தோம். பெயரை மூன்று இடத்திலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்தோம். அடுத்த கட்டம் நிரந்தர முகவரி. “என்னா எழுதுறது பெரியம்மா?” என்று கேட்டாள். கடிதம் வந்துசேர வேண்டிய முகவரி என்று கீழே தனியாக ஒரு கட்டம் இருந்தது. அதில் ஹட்டனில் இன்னும் உயிரோடிருக்கும் என் பழைய சிநேகிதி வீட்டு இலக்கத்தைப் போட்டேன். மேலே உள்ளதை அவளையே எழுதச் சொன்னேன். நல்ல கையெழுத்து. காம்பரா இலக்கம் 7, மேட்டு லயம் என்று எழுதி, ஒரு நிமிடம் நிறுத்தி, வட்டவளை என்று முடித்தாள். ஈரக் காற்றில் மை காயவில்லை. கடதாசியை அடுப்புக்குப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.